நான் விட்டுவிட்ட ஒரு வரி

என் வேலை என்னவென்று அம்மாவுக்கு விளங்கப்படுத்த எனக்கு ஒரு வருடம் பிடித்தது. அதற்குப் பிறகும் அவர் அக்கம்பக்கத்தில் சொன்னது "மகள் கம்பெனியொண்டில எழுதுறா" என்பதுதான். எந்தக் கம்பெனி, எங்கே கந்தோர் என்று யாராவது மேலும் கேட்டால், "அது வெளிநாட்டில. இவ இஞ்ச, அறைக்குள்ள" என்பார். கேட்டவர்கள் என்னை இரக்கத்தோடு ஒருமுறை பார்த்துவிட்டுப் போவார்கள்.

அம்மா சொன்னதில் பிழை ஒன்றுமில்லை. கைத்தொலைபேசி, கணினி, செயலி, இணையம் பற்றிய செய்திகளையும் செய்முறைக் குறிப்புகளையும் பல மொழிகளில் வெளியிடுகிற மிகப் பெரிய நிறுவனம் அது. அதன் தலைமையகத்தை நான் படத்தில்தான் கண்டிருக்கிறேன். கொழும்பில் ஒரு மாடியில் சிங்களப் பிரிவும் தமிழ்ப் பிரிவும் இயங்கின. தமிழ்ப் பிரிவில் ஆறு பேர். ஐந்து பேர் கொழும்பில், நான் மட்டும் திருகோணமலையில், என் அறையில், யன்னலோரம் போட்ட மேசையில்.

அதற்கு முன் உட்துறைமுக வீதியில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் எட்டு வருடம் இருந்தேன். வந்த கப்பல், இறக்கிய சரக்கு, போன கப்பல். இவற்றை மூன்று பிரதிகளில் தட்டச்சுச் செய்வதுதான் வேலை. அந்த அலுவலகத்தில் ஒரு பிழை விட்டால் அதை அடுத்தவர் காணும் முன் மறைப்பதற்குத்தான் முதலில் பழகினோம். புதிதாக வந்தவர்களுக்கு நாற்காலியைக் காட்டுவதற்கு முன்பே அதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள் என்று பகிடியாகச் சொல்வோம். பிறகு முதலாளி எல்லாவற்றையும் கொழும்புக்கு மாற்றினார். நான் போகவில்லை. அம்மாவைத் தனியே விட ஏலாது என்று மற்றவர்களுக்குச் சொன்னேன். உண்மையில் எனக்கே போக மனமில்லை. எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்தபோது இந்த நிறுவனத்தின் அறிவித்தலைக் கண்டேன். பரீட்சையாக ஒரு ஆங்கிலக் கட்டுரையை அனுப்பித் தமிழில் எழுதச் சொன்னார்கள். எழுதி அனுப்பினேன். மூன்றாம் நாள் ஒரு பெண் அழைத்தார்.

"நீங்க எழுதுனத எங்க அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டுனேன்" என்றார் எடுத்த எடுப்பில். "அவங்க எஸ்டேட்ல கொழுந்து எடுத்தவங்க. அவங்களுக்கே வெளங்கிருச்சு. எப்ப ஆரம்பிக்கிறீங்க?"

அவர்தான் எங்கள் பிரிவின் பொறுப்பாசிரியர். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து கொழும்புக்குப் படிக்க வந்தவர். நிறுவனத்தில் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், மேலாளரையும் அப்படித்தான், அது அவர்களுடைய பழக்கம். எனக்கு அது வாயில் வரவில்லை. முதல் நாளே "அக்கா" என்று தொடங்கிவிட்டேன். அவரும் மறுக்கவில்லை.

வேலை எனக்குப் பிடித்திருந்தது. காலை ஏழு மணிக்கு மேசையில் இருப்பேன். கூரைகளுக்கு மேலால் துறைமுகத்தில் ஒரு துண்டு தெரியும். கோதுமை மா ஆலைக்கு வந்த கப்பல் நிற்கும், அல்லது ஒன்றும் நிற்காது. ஊருக்குள் திரியும் மான்கள் மதிலோரம் வந்து வாழைத்தோல் தேடும். நான் தொலைபேசியில் எழுத்தைப் பெரிதாக்குவது எப்படி, தெரியாத எண்ணைத் தடுப்பது எப்படி, மோசடிக் குறுஞ்செய்தியை அடையாளம் காண்பது எப்படி என்று எழுதிக்கொண்டிருப்பேன். ஒருமுறை பஸ் நிலையத்துக்கு அருகே உள்ள தொலைபேசிக் கடையில் என் கட்டுரையொன்றை அச்சடித்துக் கண்ணாடியில் ஒட்டியிருந்தார்கள். எழுத்தைப் பெரிதாக்கும் கட்டுரைதான். கடைக்காரரிடம் நான் எழுதியது என்று சொல்லவில்லை. ஒரு சார்ஜர் கேபிள் வாங்கிக்கொண்டு, அதை இன்னொருமுறை வாசித்துவிட்டு வந்தேன். எட்டு வருடம் தட்டச்சடித்த சரக்குப் பட்டியலில் ஒன்றைக்கூட யாரும் சுவரில் ஒட்டியதில்லை.

நெருக்குதலும் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். எந்தக் கட்டுரையை எத்தனை பேர் வாசித்தார்கள் என்று காட்டும் பலகையொன்று எங்கள் எல்லாருடைய திரையிலும் இருக்கும். காலையில் எழுந்ததும் முகம் கழுவ முன் அதைப் பார்க்கிற பழக்கம் எனக்கும் வந்தது. நீளமான கட்டுரைகளை ஆட்கள் பாதியில் விட்டுவிடுகிறார்கள் என்று தலைமையகம் சொன்னது. செய்முறைக் குறிப்புகளை ஒரு அளவுக்குள் அடக்க வேண்டும் என்று விதி வந்தது.

அந்த நாட்களில்தான் "தொலைபேசி நிரம்பிவிட்டதா?" என்ற கட்டுரை என்னிடம் வந்தது. ஆங்கிலத்தில் யாரோ எழுதியது, நான் தமிழாக்க வேண்டும். இடம் போதாத தொலைபேசியில் செய்திச் செயலி சேர்த்து வைத்திருக்கும் பழைய படங்களையும் ஒலிகளையும் அழித்து இடம் எடுக்கும் வழி. எழுதி முடித்தபோது அளவைவிட ஒரு வரி கூடிப்போனது. திரும்பத் திரும்ப வாசித்தேன். மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் இடையில் ஒரு வரி இருந்தது. "அழிப்பதற்கு முன், எல்லாவற்றுக்கும் இணையத்தில் இன்னொரு பிரதி சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்; சில தொலைபேசிகளில் குரல் செய்திகள் தானாகச் சேமிக்கப்படுவதில்லை." என் தொலைபேசியில் எல்லாம் தானாகத்தான் சேமிக்கப்பட்டது. இதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன். எடுத்துவிட்டேன். கட்டுரை அளவுக்குள் அழகாக உட்கார்ந்தது.

அது நன்றாக ஓடியது. எல்லா மொழிப் பிரிவுகளும் கூடும் வாராந்தக் கூட்டத்தில், தமிழில் சுருக்கமாகவும் தெளிவாகவும் வந்திருக்கிறது என்று பாராட்டினார்கள். திரையில் சின்னச் சின்னப் பெட்டிகளில் தெரிந்த முகங்கள் கைதட்டின. நான் குசினிக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அவர் அன்று பாயாசம் காய்ச்சினார்.

வாசகர் கடிதங்களைப் பார்ப்பது செவ்வாய்க்கிழமைகளில் என் முறை. பெரும்பாலும் "இந்தப் போன் வாங்கலாமா" என்ற கேள்விகள்தான். பாயாசத்துக்கு மூன்று கிழமை கழித்து ஒரு செவ்வாய், இந்தக் கடிதம் வந்திருந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும். மகள்ட பள்ளிக்கூடப் பாடம் இறக்க இடமில்லாம உங்கட கட்டுரையப் பாத்து போன்ல இடம் எடுத்தன். இப்ப என்ட அவர் அனுப்பின வொய்ஸ் ஒண்டும் இல்ல. அவர் கத்தார்ல மவுத்தாகி ரெண்டு வருசம். நான் எந்த இடத்தில பிழை செஞ்சன் எண்டு சொல்லுங்க. திரும்ப எடுக்க ஏலுமா. மூதூர்."

அவ்வளவுதான். திட்டவில்லை. பெயர்கூடக் கீழே ஒழுங்காகப் போடவில்லை, ஊரையும் ஒரு தொலைபேசி இலக்கத்தையும் மட்டும் போட்டிருந்தார்.

நான் ஆங்கில மூலத்தைத் திறந்தேன். தேடத் தேவையில்லை, எந்த இடம் என்று தெரியும். அந்த வரி அங்கே அப்படியே இருந்தது. என் கட்டுரையைத் திறந்தேன். மூன்றுக்குப் பிறகு நான்கு.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் இணையதளத்தின் ஆசிரியர் பகுதிக்குள் போய், அந்த வரியை அதன் இடத்தில் மெல்லச் செருகிச் சேமித்தேன். யாருக்கும் அறிவிப்புப் போகாது. வாசிக்கிறவர்களுக்கு அது முதலிலிருந்தே அங்கே இருந்ததுபோல இருக்கும். பிறகு கடிதத்துக்குப் பதில் எழுதத் தொடங்கினேன். "அன்புள்ள வாசகருக்கு, கட்டுரையின் மூன்றாம் படியின் கீழ் உள்ள எச்சரிக்கையைக் கவனித்தீர்களா" என்று ஒரு வரி எழுதினேன். எழுதிவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, "என்ன பிள்ளை, முகம் வெளுத்துக் கிடக்கு?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

ஒரு மணித்தியாலம் அப்படியே இருந்திருப்பேன். கணவனை இழந்த ஒரு மனுஷி, நான் எந்த இடத்தில் பிழை செய்தேன் என்று என்னிடம் கேட்கிறார். நீ கவனிக்கவில்லை என்று நான் பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த வரியை அழித்தேன். அக்காவுக்கு அழைத்தேன்.

கடிதத்தை வாசித்துக் காட்டினேன். வரியை எடுத்ததைச் சொன்னேன். திரும்பச் செருகியதையும் சொன்னேன்.

அக்கா கடிதத்தை இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். பிறகு, "பதில் அனுப்பிட்டீங்களா?" என்றார்.

"இல்ல அக்கா."

"நல்லது. இப்ப அந்த வரிய மறுபடி எடுங்க. எடுத்துட்டு, கட்டுரைக்கு மேல, எல்லாரும் பாக்குற எடத்துல, என்ன விட்டுப்போச்சு, அதனால என்ன ஆகும்னு எழுதுங்க. அதுக்கப்பறம் வரியப் போடுங்க. இருந்த மாதிரி வேணாம். இல்லாம இருந்துச்சுன்னு தெரியணும்."

"என்னை நிப்பாட்டுவினமோ?"

"தெரியாது" என்றார். "நான் நிப்பாட்டச் சொல்ல மாட்டேன். அந்த அளவு விதி நான்தான் ஒங்களுக்கு அனுப்புனேன். அதையும் எழுதி அனுப்புறேன்."

அன்றைக்கே தலைமையகத்திலிருந்து பதில் வந்தது. அக்கா அதை எனக்கும் அனுப்பினார். திருத்தம் போட்டது சரி, ஆனால் வாசகருடன் நேரடியாகத் தொடர்பு கொள்ளாமல் இருப்பது நல்லது என்று சட்டப் பிரிவு கருதுகிறது என்றிருந்தது. எனக்கு அதைப் படிக்க ஒருவிதமான ஆறுதல் வந்தது. இப்போது அதை நினைக்க வெட்கமாக இருக்கிறது. போய் முகம் பார்க்கத் தேவையில்லை என்ற ஆறுதல்தான் அது.

அக்கா மீண்டும் அழைத்தார். "மூதூர் ஒங்களுக்கு எவ்வளவு தூரம்?"

"பஸ்ஸில ஒரு மணித்தியாலம் வரும். ஆனா அவங்கள் போகவேண்டாமெண்டு..."

"'நல்லது'ன்னுதான் எழுதிருக்காங்க. கூடாதுன்னு எழுதல. நான் அவங்களுக்கு, என்னோட ஆள் போறாங்க, பொறுப்பு என்னோடதுன்னு பதில் போட்டுட்டேன். அந்தப் போன இனிமே பாவிக்க வேணாம், அணைச்சு வைக்கச் சொல்லுங்க. போய்ட்டு அங்க இருந்து எனக்கு எடுங்க. டெஸ்ட் ரூம்ல இருக்கிறவர லைன்ல வச்சிருக்கேன்."

அடுத்த நாள் காலை கிண்ணியா வழியாகப் போனேன். பாலங்களில் காற்று பஸ்ஸுக்குள் புகுந்து எல்லாருடைய தலையையும் கலைத்தது. நான் சொல்ல வேண்டியதை மனதுக்குள் திருப்பித் திருப்பி ஒழுங்குபடுத்தினேன். கட்டுரைக்குச் செய்வதுபோல, சுருக்கமாக, படிப்படியாக.

வீடு வயல் பக்கமாகப் போகும் ஒழுங்கையில் இருந்தது. கதவைத் திறந்தவர் என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். முந்தின நாள் அந்த இலக்கத்துக்கு நான் அழைத்து வழி கேட்டிருந்தபடியால் காத்துக்கொண்டிருந்தார். தாயார் உள்ளே இருந்தார். மகள் பள்ளிக்கூடம் போய்விட்டாளாம். எனக்குக் கதிரை போட்டார்கள். முஸ்லிம் வீடுகளில் அக்காவைக் கூப்பிடுவதுபோல நான் ராத்தா என்று கூப்பிட்டேன், அவர் என்னைத் தங்கச்சி என்றார்.

ஒழுங்குபடுத்தி வைத்திருந்த ஒன்றும் வரவில்லை. "ராத்தா, நீங்க ஒரு பிழையும் செய்யேல்ல. கட்டுரையில ஒரு வரி இருந்திருக்க வேணும். அழிக்க முதல் பாருங்கோ எண்டு. அதை நான்தான் எடுத்தனான். இடம் போதேல்ல எண்டு எடுத்துப்போட்டன்."

"நீங்களா எழுதின?"

"ஓம்."

"மூணு கிழமையா நான் என்னைத்தானே ஏசிட்டிருந்தன்" என்றார். "படிச்ச பொம்புளை, ஒரு போனப் பாக்கத் தெரியாமப் போச்சே எண்டு. உம்மாக்கிட்டகூடச் சொல்லல்ல."

எழுந்து உள்ளே போய்விட்டார். கதவை அடித்துச் சாத்தவில்லை. ஆனால் நெடுநேரம் வரவில்லை. அவருடைய தாயார் பிளேன்டீயும் தொதல் இனிப்பும் கொண்டுவந்து வைத்துவிட்டு, எனக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்தார். என்ன நடந்தது என்று அவர் கேட்கவில்லை. "மருமகன் நல்ல கதைகாரன்" என்றார். "கத்தார்ல லொறி ஓட்டிட்டு இருந்த. ஒவ்வொரு நாளும் பேசி அனுப்புவாரு. நெஞ்சுவலி வந்து போயிட்டாரு. அங்கேயே அடக்கம். நாங்க முகத்தப் பாக்கல்ல."

அதைக் கேட்டபின் அந்தத் தொதலைத் தொட எனக்குக் கை வரவில்லை.

ராத்தா திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். "சரி. இப்ப எடுக்க ஏலுமா ஏலாதா?" என்று கேட்டார். கடுமையாகத்தான் கேட்டார். எனக்கு அது நல்லதாகவே பட்டது.

கொழும்புக்கு எடுத்தேன். பரிசோதனை அறையில் இருந்தவர் சிங்களவர், எங்கள் நிறுவனம் மதிப்பீடு எழுதும் தொலைபேசிகளைக் கழற்றிப் பூட்டிப் பார்ப்பவர். தமிழ் ஓரளவு பேசுவார். தொலைபேசியின் வகையைக் கேட்டார், எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டார், அதற்குப் பிறகு பாடங்கள் இறக்கினார்களா என்று கேட்டார். இறக்கியிருந்தார். "அப்ப கஷ்டம்" என்றார். "அந்த இடத்துக்கு மேல வேற சாமான் வந்திட்டுது. நான் பொய் சொல்ல இல்ல. அந்தப் போன்ல எடுக்க ஏலாது."

ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. ராத்தா தலையை ஆட்டினார். அதை எதிர்பார்த்தே இருந்தவர்போல.

பிறகு கொழும்பில் இருந்தவர் கேட்டார். "அந்த ஆள் பேசி அனுப்பினது எந்தப் போன்ல? அந்தப் போன் எங்க?"

எங்களில் ஒருவருக்கும் அதுவரை அது தோன்றவில்லை. குரல் இரண்டு இடத்தில் இருக்கும், அனுப்பியவரிடமும் வாங்கியவரிடமும். தொலைபேசி பற்றி எழுதிப் பிழைக்கிற எனக்கே தோன்றவில்லை.

ராத்தா அலுமாரிக்கு மேலே பார்த்தார். அங்கே நாடாவால் சுற்றி ஒட்டிய அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. கத்தாரில் கூட இருந்தவர்கள் அவருடைய சாமான்களை அடுக்கி அனுப்பியது. வந்த நாளிலிருந்து யாரும் திறக்கவில்லை.

"தங்கச்சி, அதை எறக்குங்க" என்றார். "எனக்கு எட்டாது" என்றும் சொன்னார். அவர் என்னைவிட உயரமானவர்.

நான் இறக்கி வைத்தேன். அவர் அதை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். நாங்கள் வெளியில் இருந்தோம். நாடா கிழிகிற சத்தம் கேட்டது. பிறகு சத்தமில்லை. கொஞ்ச நேரத்தில், கணவர் உடுத்த சாரமொன்றை மடித்து அதற்குள் வைத்து ஒரு தொலைபேசியைக் கொண்டுவந்தார். கண்ணாடி உடைந்து, பின்பக்கம் வீங்கி இருந்தது. மின்கலம் ஊதியிருந்ததால் சார்ஜரில் போடவே வேண்டாம் என்று கொழும்பிலிருந்து சத்தமாகச் சொன்னார்கள்.

அதைத் தபாலில் போட எனக்கு மனம் வரவில்லை. அக்காவும் நேரில் கொண்டுவரச் சொன்னார். இரண்டு நாள் கழித்து விடியற்கால பஸ்ஸில் கொழும்புக்குப் போனேன். சாரத்தோடேயே மடியில் வைத்திருந்தேன். அந்த அலுவலகத்துக்குள் நான் காலடி வைத்தது அதுதான் முதல் தடவை. திரையில் சின்னப் பெட்டிகளாகக் கண்ட முகங்கள் உடம்போடு எழுந்து வந்தன. அக்கா நான் நினைத்ததைவிடக் குள்ளம். என் கையைப் பிடித்து நேராகப் பரிசோதனை அறைக்குக் கூட்டிப்போனார்.

புதுத் தொலைபேசிகள் வரிசையாக அடுக்கியிருந்த மேசையில் ஒரு மூலையைத் துடைத்து அதை வைத்தார்கள். அன்று தொலைபேசியில் பேசிய அந்த மனிதர் மின்கலத்தைக் கழற்றி வேறொன்று பூட்டினார். கண்ணாடியை மாற்றினார். மத்தியானச் சாப்பாட்டுக்கு எழும்பவில்லை. பிற்பகல் மூன்று மணிபோல அது வெளிச்சம் போட்டது. பிறகு கடவு எண் கேட்டது.

ராத்தாவுக்கு அழைத்தேன். "எங்கட கலியாணத் தேதி போட்டுப் பாருங்க" என்றார். போட்டோம், திறக்கவில்லை. மகள் பிறந்த தேதியைச் சொன்னார். அதுவும் இல்லை. இன்னும் சில தடவை பிழைவிட்டால் பூட்டிக்கொள்ளும் என்று அந்த மனிதர் கையை எடுத்துவிட்டார். பிறகு ராத்தா, "அவரு லொறி நம்பரப் பெருமையாச் சொல்லுவாரு" என்று சொல்லி நாலு இலக்கம் தந்தார்.

திறந்தது.

செய்திச் செயலி வேலை செய்யவில்லை, கணக்கு எப்போதோ முடங்கிப் போயிருந்தது. ஆனால் அவர் பேசி அனுப்பிய ஒலிகள் அதன் கோப்புறையில் வரிசையாகக் கிடந்தன. அவற்றைப் பிரதியெடுக்கத் தொடங்குவதற்கு முன் அந்த மனிதர் ஒலியளவை முழுக்கக் குறைத்து வைத்ததைக் கண்டேன். நான் அவரைப் பார்த்தேன்.

"இது நம்ம கேக்கிறது இல்ல, மிஸ்" என்றார்.

அவரிடம் நான் சரியாக நன்றி சொல்லவில்லை. பின்னால் ஒரு பை கருவாடு அனுப்பினேன். அறை முழுக்க மணக்கிறது என்று மற்றவர்கள் முறையிட்டதாகக் கேள்வி.

எல்லாம் கிடைத்தது என்று எழுத ஆசைதான். அவர் அந்தத் தொலைபேசியை வாங்கியது கடைசி வருடத்தில். அதற்கு முந்திய குரல்கள் அதில் இல்லை, வேறெங்கும் இல்லை. மூதூருக்குத் திரும்பிப் போய்க் கொடுத்தபோது அதையும் சொன்னேன். ராத்தா உள்ளறைக்குப் போய்க் கேட்டார். நானும் அவருடைய தாயாரும் முற்றத்தில் இருந்தோம். உள்ளிருந்து ஒரு ஆண்குரல் வருவது கேட்டது, சொற்கள் விளங்கவில்லை. தாயார் முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டார்.

ராத்தா வெளியே வந்தபோது அழுதிருந்தார், சிரித்துக்கொண்டும் இருந்தார். "கிணத்து மோட்டரைச் செஞ்சாச்சா எண்டு கேக்கிறாரு உம்மா" என்றார். "மூணு தரம் கேக்கிறாரு. செய்யல்ல எண்டு நான் சொன்ன. அதுக்கு ஏசுறாரு."

பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "பழசுல ஒண்டு இருந்த. மகள் முதல் நாள் பள்ளிக்கூடம் போனதுக்கு அவளுக்குச் சொன்னது. அது போயிட்டு."

"ஓம் ராத்தா."

"அதுக்கு இப்ப ஒண்டும் சொல்ல ஏலாது தங்கச்சி."

நானும் அவரிடம் அதற்கு மேல் கேட்கவில்லை. மன்னித்தேன் என்று இன்றுவரை அவர் சொல்லவுமில்லை. அது என் கணக்கில்தான் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும்.

புறப்படும்போது வாசலில் வைத்து அவர் கேட்டார். "நான் ஒண்டு கேக்கட்டா? இதெல்லாம் போட முன்னுக்கு ஒருத்தரும் செஞ்சு பாக்கிறல்லையா? எங்கட மாதிரிப் போன்ல?"

அன்று பஸ்ஸில் இருந்தபடியே அதை அக்காவுக்கு அவருடைய சொற்களிலேயே எழுதி அனுப்பினேன். அக்கா அதை ஆங்கிலத்தில் மாற்றித் தலைமையகத்துக்கு அனுப்பினார். ஒருமுறை அல்ல, பலமுறை. நான் எதிர்பார்க்காதது நடந்தது. அங்கே யாரோ ஒருவர், இதுவரை யாரென்று எனக்குத் தெரியாது, அதை ஏற்றுக்கொண்டார். ஒவ்வொரு மொழியிலும் செய்முறைக் குறிப்புகளை, வெளியிடுவதற்கு முன், சாதாரணத் தொலைபேசியில் ஒரு வாசகர் செய்து பார்க்க வேண்டும், அதற்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று முடிவாயிற்று. அளவு விதிக்கு எச்சரிக்கை வரிகளைக் கணக்கெடுப்பதில்லை என்றும் ஆனது. தமிழுக்கு யார் என்று அக்கா கேட்டபோது நான் ஒரே ஒரு பெயரைச் சொன்னேன். ராத்தா ஒரு கிழமை யோசித்துவிட்டு, "நீங்க எழுதுறதுல பிழை பிடிக்கத்தானே? அது எனக்கு ஏலும்" என்றார்.

நிறுவனம் பிறகு அப்படியே இருக்கவில்லை. பெரிய கம்பெனிகள் சுருங்கும்போது முதலில் சின்ன மொழிகளைத்தான் பார்க்கிறார்கள். ஆறு பேராக இருந்த நாங்கள் மூன்று பேரானோம். அக்காவையும் நிறுத்தினார்கள். அவர் இப்போது ஹட்டனில் ஒரு பயிற்சி நிலையம் நடத்துகிறார். கட்டுரைகளை முதலில் இயந்திரம் தமிழாக்குகிறது, அதன் தமிழை மனிதத் தமிழாக்குவது என் வேலை. அக்காவை அனுப்பிய அந்தக் காலை, கணினியைத் திறக்காமல் கடற்கரையில் போய் இருந்தேன். அந்தக் கோபம் இன்னும் முழுக்கத் தீரவில்லை.

ஆனாலும் இந்த வேலையைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் வருவது நன்றிதான். முந்திய அலுவலகத்தில் பிழையை மறைக்கத்தான் பழகினேன். இங்கே ஒரு பிழையைச் சொல்ல ஒருவர் இருந்தார். சொன்ன பிறகு "இல்லாம இருந்துச்சுன்னு தெரியணும்" என்றார். அந்த ஒரு வசனத்துக்காக நான் பலதைப் பொறுத்துக்கொள்வேன். அவர் போன பிறகும் அவர் தொடங்கி வைத்த வேலையை அவர்கள் நிறுத்தவில்லை, அதற்கும் நன்றி.

போன கிழமை தொலைந்த தொலைபேசியைக் கண்டுபிடிப்பது பற்றி ஒரு கட்டுரை தயாரானது. பத்து மணிக்குப் போட வேண்டியது. ஒன்பதரைக்கு ராத்தா அழைத்தார்.

"தங்கச்சி, அஞ்சாவதுல நீங்க சொல்ற பட்டன் என்ட போன்ல இல்ல."

"இருக்கும் ராத்தா, கொஞ்சம் கீழ தள்ளிப் பாருங்கோ."

"தள்ளிட்டன். உம்மாட போன்லயும் பாத்துட்டன். இல்ல."

பார்த்தேன். அவர் சொன்னது சரி. பழைய தொலைபேசிகளில் அது வேறொரு பக்கத்தில், வேறொரு பெயரில் இருந்தது. கட்டுரை பத்து மணிக்குப் போகவில்லை, மத்தியானமும் போகவில்லை. பிற்பகல் இப்போதைய மேலாளரிடமிருந்து ஏன் தாமதம் என்று ஒரு வரிக் கேள்வி வந்தது.

"மூதூரில் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" என்று பதில் எழுதினேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை.